கட்டில் வரிசை

இருமல் உள்ள பிள்ளையை ஜன்னலோரம் படுக்கவைக்கக் கூடாது. தூக்கத்தில் எழுந்து நடக்கிறவளைக் கதவுப் பக்கம் போடக் கூடாது. படுக்கையை நனைக்கிற பிள்ளைக்குக் குளியலறைக்குப் பக்கத்துக் கட்டில் கொடுக்க வேண்டும்; அது ஏன் என்று மற்றவர்களுக்குத் தெரியாமலிருக்க, அவளுக்கு இரண்டு பக்கமும் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறவர்களைப் போட வேண்டும். இருபத்திரண்டு பிள்ளைகளை ஒரே கூடத்தில் படுக்கவைப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சின்ன வேலை. நான் அதைப் பன்னிரண்டு வருடம் செய்தேன். கட்டில் வரிசையை முடிவு செய்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். காவலம்மாவுக்கும் சமையல்காரருக்கும் அதில் எந்தப் பங்கும் கிடையாது. அவர்களை அலையவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் இல்லத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். வழக்கு நடக்கிற சிறுமிகள் கொஞ்சம் பேர், வழக்கு முடிந்தும் போக இடமில்லாதவர்கள் கொஞ்சம் பேர். பக்கத்துக்குப் பதினொன்றாக இரும்புக் கட்டில்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஜன்னல்கள், எல்லாவற்றுக்கும் கம்பி வலை. கூடத்தின் ஒரு முனையில் குளியலறை, மறுமுனையில் என் அறை, அதை ஒட்டியே கூடத்து வாசல். கூடத்துக்கும் என் அறைக்கும் நடுவில் பலகைத் தடுப்பு, அதில் ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம். என் அறைக்கு வேறு வாசல் இல்லை. கூடத்துக்குள் வந்து, கதவைத் தட்டி, காவலம்மா வெளியிலிருந்து திறந்துவிட்டால்தான் நானும் வெளியே போக முடியும். சேர்ந்த புதிதில் இதைச் சொல்லிச் சிரிப்பேன். பிள்ளைகளுக்காவது வழக்கு முடியும், எனக்கு ஓய்வு பெறும்வரை தண்டனை என்று. பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன். இடமாற்றம் கேட்டு மூன்று முறை எழுதினேன். மாற்று ஆள் கிடைத்ததும் பரிசீலிக்கப்படும் என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது.

நான் பொறுப்பேற்றது ஒரு கலவரத்துக்கு மறுநாள். டியூப் லைட் ஒன்றுகூட மிச்சமில்லை. எட்டு மெத்தை எரிந்திருந்தது. ஏழு பேர் ஓடிவிட்டார்கள். எனக்கு முன்னால் இருந்த அம்மாவைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருந்தார்கள். சாவிக் கொத்தை என் கையில் கொடுத்தார். களைத்திருந்தார், அவ்வளவுதான்.

"இருபத்திரண்டு பேரை உங்களால பார்த்துக்க முடியாதும்மா," என்றார். "பெரியவ ஒருத்தி இருப்பா. அவளை மட்டும் பார்த்துக்கோங்க. மத்தவங்களை அவ பார்த்துக்குவா. எங்க பெரியவளுக்கு ஜாமீன் கிடைச்சுப் போனா. பதினோராவது நாள் இப்படி ஆச்சு."

எனக்கு அது அசிங்கமான யோசனையாகத் தோன்றியது. முதல் ஒரு வருடம் விதிமுறைப்படியே நடத்தினேன். அந்த வருடம் என் முன்பல் ஒன்று போனது. எறிந்த தட்டு பட்டுத்தான். எறிந்தது யார் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

பிறகு பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஒரு பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினால் அவளுக்குப் பசியில்லை என்று விட்டுவிடலாம். பக்கத்தில் இருக்கிறவளும் தள்ளினால் எழுந்து நிற்க வேண்டும். மூன்றாவது பிள்ளை தள்ளுவதற்கு முன்னால் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று கவனிக்க வேண்டும். அவள் யாரைப் பார்க்கிறாளோ அவள்தான் பெரியவள். வயதில் பெரியவளாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் எந்தக் கூடத்துக்குப் போனாலும், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்படி ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

என் காலத்தில் ஐந்து பெரியவர்கள் இருந்தார்கள். ஐந்தாவது மைனா. முன்பற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியால் விசிலடிப்பாள், அதனால் அந்தப் பெயர். மூன்றாவது முறையாக வந்திருந்தாள். சித்தியோடு சேர்ந்து வீட்டு வேலைக்குப் போவது, எட்டாம் நாள் பீரோவைத் திறந்து எடுத்துக்கொண்டு போவது, இதுதான் அவள் மேல் இருந்த வழக்கு. எட்டாம் நாள் என்ன கணக்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு வாரம் சந்தேகமாவே பார்ப்பாங்கம்மா. எட்டாம் நாள் சாவியைக் காணோம்னா, நம்மளையே தேடச் சொல்லுவாங்க."

சிரிப்பு வந்தது. திரும்பி நின்று இருமுவதுபோல் சமாளித்தேன்.

எங்களுக்குள் ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. புதிதாக வந்து அழுகிற பிள்ளையை மைனாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் போடுவேன். மூன்று நாளில் அழுகை நின்றுவிடும். முதல் நாள் அந்தப் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டாம் நாள் மைனா தன் சோப்பைக் கொடுப்பாள். மூன்றாம் நாள் ஒரு கதை சொல்வாள், ஏதாவது வீட்டில் எதையாவது எடுத்த கதை. சொல்லி முடித்துவிட்டு மற்றவர்கள் சிரிக்க, புதியவள் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள். அவளும் சிரித்துவிட்டால் முடிந்தது. நான்காம் நாள் அவள் தன் கதையைச் சொல்வாள். அது சின்னக் கதையாக இருந்தால் யாரும் சிரிக்கமாட்டார்கள். அதனால் அடுத்த முறை பெரிதாகச் சொல்வாள். அதற்கடுத்து, வெளியே போனதும் என்ன செய்யப்போகிறாள் என்று சொல்வாள்.

அப்படியும் அழுகையை நிறுத்தாதவளுக்கு மெத்தை. படுத்திருக்கிறவள் மேல் இன்னொரு மெத்தையைப் போட்டு நாலைந்து பேர் ஏறி உட்கார்வார்கள். சத்தம் நின்றதும் எழுந்துகொள்வார்கள். பிறகு எல்லோரும் சிரிப்பார்கள். அடியில் இருந்தவளும் சிரிப்பாள். கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்கு உடம்பில் ஏதாவது காயம் இருக்கிறதா என்றும் பார்த்திருக்கிறேன். ஒரு கீறல்கூட இருக்காது.

வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவர் வருவார். இளம்பெண், நல்ல பெண். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, செய்த தப்பைப் பற்றி மனம்விட்டுப் பேசச் சொல்வார். பேசினார்கள். பெரிய தப்பு செய்தவளுக்குப் பெரிய சிரிப்பு கிடைத்தது. நான்கு வாரத்தில் அவருக்கே புரிந்துவிட்டது. என் அறைக்கு வந்து உட்கார்ந்து, கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"மேடம், இவங்களைத் திருத்தறேன்னு நான் கிளாஸ் எடுக்கிறேன். அவங்க அதைப் பரிசு கொடுக்கிற மேடையாக்கிட்டாங்க. சின்னக் கேஸ்ல வந்த பிள்ளைங்களைத் தனியா வைக்கணும். ஒருத்தியைப் பார்த்துதான் ஒருத்தி கத்துக்கிறா. வேற எதுவும் வேணாம், கட்டிலை மட்டும் மாத்துங்க, போதும்."

எழுதிக் கொடுங்கள் என்றேன். இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதைக் கோப்பில் சேர்த்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கும். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அவருக்கு முன்னாலேயே எனக்கு அது தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் கேட்ட பெண்ணுக்கு வருகிறேன்.

அவள் வந்தபோது பதினான்கு வயது. அவள் அம்மா தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுக்கிறவள். தேய்த்த துணியை ஒரு வீட்டில் கொடுக்கப் போனபோது, மேசை மேல் இருந்த போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வீட்டு அம்மா வேறொரு எண்ணிலிருந்து அந்த போனுக்கே கூப்பிட்டிருக்கிறார். இவள் எடுத்து, "எங்கிட்டதான் இருக்கு, நாளைக்கு வெள்ளைச் சட்டையோட கொண்டு வந்து தரேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் குற்றம். பிள்ளைகள் வந்த அன்றே அவளுக்கு இஸ்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் கோபப்படவில்லை. "ஆமா, எங்கம்மா நல்லாத் தேய்ப்பாங்க" என்றாள்.

அவள் அழாததால் மைனா பக்கத்தில் போடவில்லை. நான்காவது கட்டில் கொடுத்தேன். முதல் நாளே, சீருடையை ஈரக்கையால் தடவி, மடிப்புக் கலையாமல் மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில் எடுத்தபோது கடையில் வாங்கியதுபோல் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரி எப்படி என்று கேட்டாள். மறுநாள் அவளும் வைத்தாள். இரண்டு வாரத்தில் பதினான்கு பேர் சீருடையை மெத்தைக்கு அடியில் வைத்துப் படுத்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு வருடத்தில், ஒரு பிள்ளை எதையும் எடுக்காமல், யாரையும் அடிக்காமல், மற்றவர்கள் அவளைப் பார்த்துச் செய்தது அதுதான் முதல் முறை. பதினைந்தாவது நாள் காலையில் மைனாவும் தன் மெத்தையைத் தூக்கி மடிப்பு விழுந்த சீருடையை எடுத்தாள்.

அன்று என் அறைக்குப் போய் மைனாவின் பிறந்த தேதியை எடுத்துப் பார்த்தேன். பதினெட்டு முடிய இன்னும் நாலரை மாதம் இருந்தது. அதற்குப் பிறகு அவளை நாங்கள் வைத்திருக்க முடியாது. பதினோராவது நாள் என்று எனக்கு முன்னால் இருந்த அம்மா சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. நாக்கு தானாக அந்தப் பல் இல்லாத இடத்துக்குப் போனது.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை இஸ்திரியின் விடுவிப்பு உத்தரவு வந்தது. எச்சரித்துத் தாயிடம் ஒப்படைக்கவும் என்று நான்கு வரி. தபால் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீங்கள் காட்டியது என் கையெழுத்துதான். அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். ஒரு வாரம் மட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு வாரத்தில் என்ன முடிவு செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. சில சமயம் நாம் எதையும் முடிவு செய்வதில்லை, பூட்டிவைக்கிறோம்.

அடுத்த புதன்கிழமை அவள் அம்மா வந்தாள். புதன்கிழமை மதியம் பார்வையாளர் நேரம். விரல் முழுக்கச் சுட்ட தழும்பு. துவைத்துத் தேய்த்த துணியை ஒரு துண்டில் சுற்றிக் கொண்டுவருவாள்.

"கோர்ட்டு ஆபீஸ்ல கேட்டேன்மா. அனுப்பியாச்சுன்னு சொல்றாங்க."

"இங்க வரலையேம்மா," என்றேன். "மேல இருந்து வரணும். வந்ததும் சொல்லி அனுப்பறேன்."

அவள் தலையாட்டினாள். ஒரு அலுவலகத்துக்கும் இன்னொரு அலுவலகத்துக்கும் நடுவில் காகிதம் காணாமல் போவது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எம் பொண்ணு யார் என்ன செஞ்சாலும் அப்படியே பிடிச்சுக்குவாம்மா. சின்ன வயசுல பக்கத்து வீட்டுப் பையன் திக்கித் திக்கிப் பேசுவான், இவளும் ஒரு மாசம் திக்கினா. அந்தப் பெரிய பொண்ணுங்ககூட சேர விடாதீங்க. கும்பிட்டுக் கேட்டுக்கறேன்."

ஆகட்டும் என்றேன். அன்று மாலையே இஸ்திரியை நான்காவது கட்டிலிலிருந்து மைனாவுக்குப் பக்கத்துக் கட்டிலுக்கு மாற்றினேன். அந்தத் தாய் தெரியாமலே எனக்கு வேண்டிய தகவலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று நாளில் முடிகிற காரியம் இவளிடம் முடியவில்லை. மைனா கதை சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். இஸ்திரி, "அந்த வீட்டுக்காரங்க பாவம்ல" என்றாள். கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே அந்த அமைதி பிடிக்கவில்லை. அடுத்த பத்து நாள் அவளிடம் யாரும் பேசக் கூடாது என்று மைனா சொல்லிவிட்டாள். தண்ணீர் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். உட்கார்ந்த பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"அம்மா, என்னைப் பழைய கட்டிலுக்கே மாத்திடுங்கம்மா."

"அங்க ஆள் வந்தாச்சே."

"சரி, என் ஆர்டர் எப்பம்மா வரும்?"

"நல்லபடியா இருந்தா சீக்கிரம் வரும்."

மூன்று முறை மெத்தை போட்டார்கள். முதல் முறை அவள் கத்தினாள். இரண்டாம் முறை என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள். நான் அறையில் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாம் முறை மெத்தைக்கு அடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் திகைத்து எழுந்துவிட்டார்கள். அவள் வியர்த்து, முடி முகத்தில் ஒட்டி, சிரித்துக்கொண்டே எழுந்து, "இன்னொரு தடவை போடுங்கடி" என்றாள். மைனா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விசிலடித்தாள். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. தேர்வில் ஒரு பிள்ளை தேறிவிட்டால் ஆசிரியருக்கு இருக்குமே, அந்த மாதிரி.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தலையை மைனாபோல் பக்கவாட்டில் வகிடெடுத்து வாரினாள். கொண்டை ஊசியை நேராக்கி ஏதோ பூட்டைத் திறந்து பழகினாள். நீதிபதி முன்னால் எந்த நேரத்தில் கண்ணீர் வர வேண்டும் என்று கற்றுக்கொண்டாள். முன்பல்லில் இடைவெளி இல்லாமலேயே விசிலடித்தாள். புதன்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க அரைமணி நேரம் இருந்தவள், பத்து நிமிடத்தில் எழுந்துவந்தாள். அந்தத் தாய் கம்பிக்கு அந்தப் பக்கம் மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன்.

பதினெட்டு முடிந்த அன்று மைனா போனாள். கதவருகில் நின்று இஸ்திரியின் கன்னத்தைத் தட்டி, "பார்த்துக்கடி" என்றாள். இருவரும் அழவில்லை. நான் நாட்களை எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. ஒரு தட்டுகூட விழவில்லை. பன்னிரண்டாம் நாள் மேலதிகாரி போனில் பேசும்போது, "உங்க இல்லம் மாதிரி எல்லாம் இருந்தா எனக்குத் தலைவலியே இல்லம்மா" என்றார். பன்னிரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

அதன் பிறகாவது இஸ்திரியை அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எப்படி அனுப்புவது? அனுப்பிவிட்டால் அதற்குப் பதினோராவது நாள் வரும். அதோடு, நான்கு மாதம் பழைய உத்தரவை எந்தத் தேதி போட்டு நான் நிறைவேற்றுவேன்? இழுப்பறையில் அந்தக் காகிதம் இருக்க இருக்க, அது அவளுடைய உத்தரவாக இல்லாமல் என்னுடையதாக மாறிக்கொண்டிருந்தது. இழுப்பறைப் பக்கம் முழங்கால் படாமல் நாற்காலியைத் தள்ளிப்போட்டு உட்காரப் பழகியிருந்தேன்.

ஒருநாள் மதியம் குளித்துவிட்டு அறைக்கு வந்தேன். இஸ்திரி என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் உத்தரவு இருந்தது. மடிப்புகளை விரலால் நீவி, நேராக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. பக்கத்தில் நேராக்கிய கொண்டை ஊசி.

"இது மூணாவது வாரமே வந்திருக்கேம்மா."

நான் கதவைச் சாத்தினேன். காவலம்மா காதில் விழக் கூடாது என்பதுதான் அப்போது முதலில் தோன்றியது.

"நாளைக்கே அனுப்பிடறேன்," என்றேன்.

"எங்க?"

"உங்க வீட்டுக்குத்தான்."

"போயி?" என்றாள். அது மைனாவின் சிரிப்பு, அப்படியே. "துணி எடுத்துட்டு வீடு வீடாப் போகவா? எந்த வீட்டுல உள்ள விடுவாங்க? இங்க நான் எழுந்தா இருபத்தோரு பேர் எழுந்துக்கறாங்க." மறுபடி காகிதத்தின் மடிப்பை நீவினாள். பதினான்கு வயதுப் பிள்ளையின் முகம் ஒரு நொடி தெரிந்தது. "அப்பவே கொடுத்திருந்தா போயிருப்பேன்மா," என்றாள்.

பிறகு எழுந்து, காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தாள். "நீங்களே வச்சுக்கோங்க. எங்கம்மாகிட்ட சொல்லணும்னு தோணினா சொல்லுவேன். தோணாம நீங்க பார்த்துக்கோங்க."

அன்றிலிருந்து கட்டில் வரிசையை அவள் சொன்னாள், நான் எழுதினேன். யார் பாத்திரம் கழுவுவது, யாருக்கு இரண்டாவது போர்வை, யாரோடு யார் பேசக் கூடாது, எல்லாம் அவள்தான். நான் கூடத்தைக் கடக்கும்போது பிள்ளைகள் முதலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு வழிவிட்டார்கள். ஒருமுறை கதவைத் தட்டக் கையை ஓங்கியபோது அவள் வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தாள். நான் திரும்பி அறைக்குப் போய்விட்டேன். எதற்காக வெளியே கிளம்பினேன் என்பதுகூட இப்போது நினைவில்லை. அவள் சும்மா சோதித்துப் பார்த்திருக்கலாம்.

பொடிசு வந்தது இதற்கெல்லாம் பிறகு. பதினொரு வயது. பேருந்து நிலையத்தில் யாருடையதோ பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை. ஓயாமல் அழுதாள். அழுகை என்றால் சத்தம் போட்டு இல்லை. ஒரே சீராக, நீரேற்றும் மோட்டார் ஓடுவதுபோல். சாப்பிடும்போதும் அழுதாள். பெரியவள் பக்கத்துக் கட்டிலில்தான் போட்டேன். இஸ்திரி மூன்று நாள் பார்த்தாள், சோப்பு கொடுத்தாள், கதை சொன்னாள். அந்தப் பிள்ளைக்குக் கதை புரியவில்லை. கதையில் வந்த வீட்டு நாய்க்கு என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டு மறுபடி அழுதாள். சில பிள்ளைகள் அந்தக் கேள்விக்குச் சிரித்தார்கள். தன் கதைக்குக் கிடைக்க வேண்டிய சிரிப்பு அந்தக் கேள்விக்குக் கிடைத்ததை இஸ்திரி கவனித்தாள். நானும் கவனித்தேன்.

ஏழாம் நாள் ஆய்வு. மேலதிகாரியும் இன்னொருவரும் மூன்று மணிக்கு வந்தார்கள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். விரிப்புகள் சுருக்கமில்லாமல் இருந்தன, சீருடைகள் மடிப்போடு இருந்தன. பொடிசை மட்டும் வயிற்றுவலி என்று குளியலறைப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தோம். சுற்றிப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்து உட்கார்ந்து குறிப்பு எழுதத் தொடங்கினார்கள். அப்போது பலகைக்கு அந்தப் பக்கம் அழுகை கேட்டது. மேலதிகாரி பேனாவை நிறுத்தி, "என்னம்மா அது?" என்றார்.

"புதுப் பிள்ளை சார். பார்த்துட்டு வரேன்," என்று எழுந்து கதவு வரை போனேன். இஸ்திரி கூடத்தின் நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். என்ன வேண்டும் என்பதுபோல் புருவத்தை உயர்த்தினாள்.

"கொஞ்சம் சத்தம் வராமப் பார்த்துக்கோ," என்றேன். "இவங்க போற வரைக்கும்."

சரி என்று தலையாட்டினாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். கண்ணாடிச் சதுரத்தில் ஒரு காலண்டரை மாட்டியிருந்தேன், ஆய்வுக்காக. மெத்தை இழுபடும் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். மேலதிகாரிக்கு அது கட்டில் நகர்த்துகிற சத்தம். டீ ஊற்றினேன். அழுகை அமுங்கியது. பிறகு வேறு மாதிரி ஆயிற்று. பிறகு நின்றது.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். சமாதானமாகி நிற்கிற அழுகை இப்படி நிற்காது. இரண்டு விக்கல் வரும், மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வரும், ஒரு பெருமூச்சு வரும். பன்னிரண்டு வருடம் தினமும் கேட்டிருக்கிறேன். அன்று எதுவும் வரவில்லை. எனக்கு அது தெரிந்தது, அந்த நிமிடமே. சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பது. மேலதிகாரி, "பரவாயில்லையே, ஒரு வார்த்தையில அடக்கிட்டீங்களே" என்றார். இன்னொரு கப் டீ வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் குடித்து முடித்து, அமைதியான சூழல், மிக நன்று என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கிளம்ப நான்கு ஐந்து ஆகிவிட்டது. அவர்களை வாசலோடு வழியனுப்பிவிட்டு, அதன் பிறகுதான் நான் கூடத்துக்குள் போனேன். நாற்காலிகள் நகர்ந்த சத்தத்திலேயே மெத்தையை எடுத்து அதன் கட்டிலில் போட்டு, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டிருந்தார்கள். பொடிசு எழுந்திருக்கவே இல்லை.

ஏறி உட்கார்ந்தவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் உட்கார்ந்தாங்க, நானும் உட்கார்ந்தேன் என்று ஒன்பது பேரும் உங்களிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்துச் சொல்கிறார்கள் என்று நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது உண்மை. எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தியும் இஸ்திரியின் முகத்தைப் பார்த்திருப்பாள். இஸ்திரி என் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் போகிற வரைக்கும் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

இஸ்திரியின் அம்மா அடுத்த புதன்கிழமை வழக்கம்போல் வந்தாள், துண்டில் சுற்றிய துணியோடு. வாசலில் போலீஸ்காரர்கள் நின்றதால் உள்ளே விடவில்லை. என்னை ஜீப்பில் ஏற்றும்போது ஓடிவந்தாள்.

"நீங்க பக்கத்து ரூம்லதானே இருந்தீங்க?"

"இருந்தேன்மா."

"அந்தப் பெரிய பொண்ணுங்கதானே எம் பொண்ணைக் கெடுத்துட்டாங்க?"

ஆமாம் என்றேன். உத்தரவு வந்துவிட்டதா என்று அன்று அவள் கேட்கவில்லை.

நான் எதையும் மறுக்கவில்லை. உத்தரவைப் பூட்டிவைத்தது நான். கட்டிலை மாற்றியது நான். டீயை ஊற்றியதும் நான். இஸ்திரிக்கு என்ன தண்டனை கொடுப்பதாக இருந்தாலும், அவள் என்னுடைய வேலையைத்தான் செய்தாள் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நான் வளர்த்ததில் அவளைப்போல் ஒருத்தி இல்லை.

இப்போது அங்கே வந்திருக்கிற பொறுப்பாளர் சின்ன வயது, பாவம், தடுமாறுகிறார் என்று கேள்விப்பட்டேன். முந்தாநாள் தட்டுகள் பறந்தனவாம். நான் சொன்னதாக வேண்டாம், ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். பதினேழாவது கட்டிலில் மாறுகண் உள்ள பெண் ஒருத்தி இருக்கிறாள். அன்று எல்லோரும் கூப்பிட்டும் மெத்தை மேல் உட்கார மறுத்தவள் அவள்தான். அவளைப் பார்த்துவிட்டு வேறு நாலு பேரும் உட்காராமல் நின்றிருக்கிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளை லேசில் கிடைக்கமாட்டாள். பக்குவமாகக் கையாண்டால் அந்தக் கூடத்தை மூன்று வருடம் அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்வாள். என்ன உத்தரவு வந்தாலும், அவளை மட்டும் அவசரப்பட்டு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.